பீடித் தட்டும் பாராளுமன்றக் குழுவும்

ஒரு சட்டத்தால் பாதிக்கப்படுவோரின் குரலைக் கேட்டபின்பே அச்சட்டத்தை இயற்ற வேண்டும் என்பது நீதியே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேட்பது எங்கே முடிகிறது, எழுதுகோலையே கையில் கொடுப்பது எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, நம் நாட்டுப் புகையிலைச் சட்டங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம்.

1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியின் மேல் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பீடியை அது தீண்டவில்லை. ஏழை இழுக்கும் புகைக்கு எச்சரிக்கை தேவையில்லை போலும்! 2003-ஆம் ஆண்டுச் சட்டமே பீடியையும் மெல்லும் புகையிலையையும் உள்ளடக்கியது. வாசிக்கத் தெரியாதோர் மிகுந்த நாட்டில் சொல்லைவிடப் படமே பேசும் என்பதால், 2006-இல் படத்துடன் கூடிய எச்சரிக்கைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. குறித்த நாளில் அவை நடைமுறைக்கு வரவில்லை. தொழிலதிபர்கள் முறையிட்டனர், பீடித் தொழில் மிகுந்த மாநிலங்களிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது, அமைச்சர்கள் குழு அமைந்தது, நாள் தள்ளிக்கொண்டே போனது. இறுதியில் 2009 மே 31 அன்று படம் வந்தபோது, உறையின் முன்பக்கத்தில் 40 விழுக்காடு இடமே அதற்குக் கிடைத்தது. மெல்லும் புகையிலையின் உறையில் ஒரு தேள் இருந்தது. அத்தேளுக்கு அஞ்சிப் புகையிலையைத் துறந்த எவரையும் நாம் கண்டதில்லை.

இதனினும் வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. உறையின் இருபுறமும் 85 விழுக்காடு எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என 2014 அக்டோபரில் அரசு அறிவித்தது. 2015 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். அதற்குச் சில நாள்களுக்கு முன், மக்களவைக் குழு ஒன்று விதியை நிறுத்திவைக்கக் கோரியது, அரசும் இணங்கியது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று அக்குழுவின் தலைவர் கூறினார். உறுப்பினர்களில் ஒருவர் தாமே பெரும் பீடி வணிகர்! நம் நாட்டில் 2010-களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் புகைப்பழக்கத்தால் மடிவர் என்று கணித்த ஆய்வு, 2008-லேயே வெளிவந்திருந்தது.

புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து மக்கள் நலக் கொள்கைகளைக் காக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. அதன் 5.3-ஆம் பிரிவு கூறுவது இதுவே. இந்தியா 2004-லேயே அதனை ஏற்றிருந்தது.

85 விழுக்காட்டை 50 ஆகக் குறைக்கலாம் என 2016 மார்ச்சில் குழு பரிந்துரைத்தது. இம்முறை அரசு பணியவில்லை. ஏப்ரல் முதல் நாள் விதி நடைமுறைக்கு வந்தது. பெரிய சிகரெட் நிறுவனங்கள் ஆலைகளை மூடின. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை நீக்கியது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

இந்நெடும் வாதத்தில் தொழிலதிபர்கள் ஏந்திய வலிய கேடயம் பீடி சுற்றும் பெண்கள். திருநெல்வேலிச் சீமையில் நாம் பணியாற்றிய பங்கில், மடியில் தட்டை வைத்து இலை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டும் பெண்கள் தெருதோறும் இருந்தனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலி. கழிவு என்று கடைக்காரர் ஒதுக்குவது அவர்களுக்கு இழப்பு. அவர்கள் பெயரால் தில்லியில் மனுக்கள் குவிந்தன. அம்மனுக்களில் என்ன எழுதியிருந்தது என்று நம் தெருக்களில் எவருக்கும் தெரியாது. வேறு தொழில் தந்தால் செல்வீர்களா என்று அவர்களை அரசின் தரப்பிலிருந்தும் எவரும் வந்து கேட்டதில்லை.

2016 ஏப்ரலில் சில நாள்கள் கடைகளில் இலை தரவில்லை. மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்தினார்.

"படத்தப் பெருசாப் போட்டா எங்களுக்கு என்ன, சின்னதாப் போட்டா என்ன, சாமி? எலையக் குடுக்கச் சொல்லுங்க."

மேலும் ஏதோ சொல்ல வந்தார். இருமல் விடவில்லை. அது அடங்கும்வரை அவரருகே நின்றிருந்தோம்.