பெயின்டுக்கு அடியில் மறையும் குறை: வாகன பாடி வேலையும் நுகர்வோர் சட்டத்தின் சான்றுச் சிக்கலும்

விபத்தில் நசுங்கிய காருக்குச் செய்த டிங்கரிங், பெயின்டிங் வேலை சரியில்லை என்றால் உரிமையாளருக்கு என்ன வழி? சட்டத்தில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. இவ்வகை வழக்குகளைப் பலவீனப்படுத்துவது உரிமை இல்லாமை அல்ல, சான்று இல்லாமை. சான்று திரட்டும் சுமை இன்று முழுக்க வாடிக்கையாளர் தலையில் விழுந்திருக்கிறது. அதைக் குறைக்க 2019 சட்டத்திலேயே இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாடி வேலையின் இறுதிக் கட்டம், அதற்கு முந்தைய எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நசுங்கிய கதவுத் தகட்டைத் தட்டியும் இழுத்தும் பழைய வளைவுக்குக் கொண்டுவர வேண்டும். மிஞ்சும் சிறு மேடுபள்ளத்துக்கு மட்டுமே மெல்லிசாகப் பட்டி வைக்க வேண்டும். அவசரக்காரர் தகட்டை அரைகுறையாக நிமிர்த்தி, பள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பி, தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துவிடுவார். டெலிவரி எடுக்கும்போது நான்கு கதவுகளும் ஒன்றுபோல மின்னும். ஒரு மழைக்காலம் கடந்ததும் கதவின் கீழ் விளிம்பில் பெயின்ட் கொப்புளிக்கும், பட்டி வெடிக்கும், அடியில் துரு தெரியும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை வைத்தால் தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். தடித்த பட்டி உள்ள இடம் ஆயிரத்தையும் தாண்டலாம். இரும்புத் தகடாக இருந்தால் சாதாரணக் காந்தம்கூட அங்கே சரியாக ஒட்டாது.

இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2019 சட்டத்தின் பிரிவு 2(11), செய்வதாக ஒப்புக்கொண்ட பணியின் தரத்திலோ செய்முறையிலோ உள்ள எந்தக் குறையையும் சேவைக் குறைபாடு என்கிறது. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். பட்டியால் மூடிய பள்ளம் இரண்டு வகையிலும் பொருந்தும். பில் தராததைப் பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறையாகவே கருதுகிறது. பிரிவு 39-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் குறையைச் சரிசெய்யவும், வாங்கிய கட்டணத்தை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்கவும் உத்தரவிடலாம். குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. காலவரம்பு 2 ஆண்டுகள். மறைந்திருந்த குறைக்கு, அது வெளிப்பட்ட நாளே வழக்குமூலம் என்று வாதிடலாம். ஆனாலும் டெலிவரி நாளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

சிக்கல் அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்பதை எஸ்ஜிஎஸ் இந்தியா எதிர் டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதிசெய்தது. பொருளில் குறை என்று புகார் செய்தால், பிரிவு 38(2)-இன்கீழ் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சேவை என்றால் பிரிவு 38(3) பொருந்தும். இரு தரப்பும் கொண்டுவரும் சான்றை வைத்துத் தீர்க்க வேண்டியதுதான். பாடி வேலை சேவை என்பதால், பெயின்டுக்கு அடியில் இருப்பதை வெளியே கொண்டுவரும் வேலை கார்க்காரருடையதாகிறது.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பணிமனை பில்லில் உதிரிபாகமும் கூலியும் தனித்தனியாகவே வருகின்றன. போட்ட ஃபெண்டர், அடித்த பெயின்ட் இவை பொருள்கள். புகாரைச் சேவைக் குறைபாடு என்பதோடு பொருள் குறைபாடாகவும் வடிவமைத்தால் ஆய்வக வழி திறக்கும். இரண்டாவது, என் பார்வையில் வலுவானது, பிரிவு 38(9). ஆய்வகத்திலிருந்தோ பொருத்தமான வேறு எந்த இடத்திலிருந்தோ சோதனை அறிக்கை வரவழைக்கும் அதிகாரத்தை அது ஆணையத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரம் பொருளுக்கு மட்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. உரிமம் பெற்ற காப்பீட்டுச் சர்வேயர் ஒருவரின் அறிக்கையை இதன்கீழ் வரவழைக்கத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

இடையில் வேறெங்கோ இடித்திருக்கலாம் என்று பணிமனை சொல்லும். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆகவே வேறிடத்தில் பழுதுபார்க்கும் முன் எழுத்தில் புகார் கொடுத்து, தேதி தெரியும் படங்கள் எடுத்து, சோதனைக்கு வரும்படி பணிமனைக்கு அறிவிப்பு அனுப்புவது அவசியம். இன்சூரன்ஸ் மூலம் நடந்த வேலை என்றால் சர்வேயர் அறிக்கையின் நகல் மிக முக்கியம்: கதவை மாற்ற அனுமதித்திருக்க, தட்டிப் பட்டி வைத்திருந்தால் அந்த ஒரு தாளே பெரும் சான்று. கேஷ்லெஸ் முறையில் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது.

காரை விடாமல் பணம் கேட்கும் பணிமனைக்கு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 துணை நிற்கிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. ஒப்படைத்த நோக்கத்துக்கு இணங்க உழைப்பையோ திறமையையோ செலுத்தியவருக்கே, உரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை அப்பிரிவு தருகிறது. நோக்கத்துக்கு மாறாகச் செய்த வேலை அந்த உரிமையைத் தருமா என்பது வாதத்துக்குரியது. கார் உடனே வேண்டும் என்றால் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பணம் கட்டலாம். ‘திருப்தி’ என்று அச்சிட்ட தாளில் குறிப்பு எழுதாமல் கையெழுத்திடக் கூடாது.

சொந்த ஆட்டோவையோ டாக்ஸியையோ ஓட்டிப் பிழைப்பவர் நிலைதான் இதில் மோசம். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் சட்டப்படி நுகர்வோர் ஆகார். ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்காகப் பெறும் சேவையையும் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வணிக நோக்கத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2019 சட்டத்தில், நுகர்வோர் யார் என்று சொல்லும் பிரிவு 2(7)-இன் விளக்கத்தில் பொருள் மட்டும் நிற்கிறது, சேவை இல்லை. ஆணையங்கள் தாராளமாகப் பொருள்கொள்ளலாம்தான். ஆனால் அன்றாட வருமானம் தரும் வாகனம் பணிமனையில் நிற்க, அந்தத் தாராளத்தை நம்பி ஓட்டுநர் காத்திருக்க முடியாது. பிரிவு 38(9)-ஐப் பயன்படுத்த ஆணையங்களின் மனம் போதும். விடுபட்ட சேவை என்ற சொல்லைப் பிரிவு 2(7)-இல் மீண்டும் சேர்க்க நாடாளுமன்றம்தான் முன்வர வேண்டும்.