அம்பாசிடரின் மங்கலான கண்கள்

கொல்கத்தாவில் இருந்துகொண்டு அம்பாசிடரைப் பற்றி எழுதாவிட்டால் எப்படி? பக்கத்து உத்தர்பாராவில்தானே 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை அது தயாரானது!

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸ்தான் அதன் மூலம். அந்த 7 அங்குல வட்டக் கண்களும் அங்கிருந்து வந்தவையே. வெளிச்சமா? அகல் விளக்கு தேவலை :-) ஐரோப்பாவில் 1971-லேயே எச்4 ஹாலஜன் பல்பு வந்துவிட்டது. நம்மிடம் அது பரவியபின், 60/55 வாட் போதாதென்று ஆளாளுக்கு 100/90 மாட்டினார்கள். ஊரில் எங்கள் அப்பாவும்தான். எதிரே வந்தவர்கள் திட்டியது போக, ஒருநாள் ராத்திரி டேஷ்போர்டு ஸ்விட்ச் உருகி நடுவழியில் நின்றோம்.

குற்றம் பல்பில் இல்லை, ஒயரில். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போய், காலால் மிதிக்கும் டிம்-டிப் ஸ்விட்சுக்கும் போய், ஊரைச் சுற்றிக்கொண்டுதான் விளக்குக்கு வரும். வழியில் வோல்டேஜ் 10% குறைந்தால் வெளிச்சம் சுமார் 30% காலி!

எலக்ட்ரீஷியன் 60/55-ஐயே திரும்பப் போட்டார். பேட்டரியிலிருந்து நேரே தடித்த ஒயர் இழுத்து, ஃப்யூஸ் வைத்து, இரண்டு ரிலே மாட்டினார். ரிலேயைத் தட்டிவிடுவது மட்டும்தான் இனி ஸ்விட்சின் வேலை.

அன்று ராத்திரி பின்சீட்டிலிருந்து அம்மா சொன்னது: "ஏங்க, மைல்கல்லுல இருக்கிறதைப் படிக்க முடியுதே!"