கையெழுத்துப் போட்ட ஜனாதிபதிகள்

அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தேடித் தேடிப் படிப்பது சில வருடங்களாக என்னைப் பிடித்திருக்கும் வியாதி. யுத்தம், தேர்தல், துப்பாக்கிச் சூடு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுபவனுக்குக் கண் வேறெங்கோ போகிறது. இந்த ஆள் எவ்வளவு கடன் வாங்கினார்? யாருக்கு ஜாமீன் போட்டார்? கடைசியில் கட்டினாரா, இல்லையா? இப்படிப் படித்தால் வெள்ளை மாளிகைக்காரர்கள் எல்லாம் நம் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் மாதிரியே தெரிகிறார்கள்!

முதலில் தாமஸ் ஜெஃபர்சன். மூன்றாவது ஜனாதிபதி. மனிதர் எல்லோரும் சமம் என்று சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர். ஏற்கெனவே கழுத்து வரை கடன். 1818-ல், 75 வயதில், வில்சன் கேரி நிக்கலஸ் என்பவர் வாங்கிய 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நிக்கலஸ் யார் தெரியுமா? பேரனுடைய மாமனார். சம்பந்தி வகையறா கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? (நம் ஊர்க் கதைதானே!) 1819-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. நிக்கலஸ் திவாலானார். கடன் ஜெஃபர்சன் தலையில் விடிந்தது. 1826-ல் அவர் இறந்தபோது மொத்தக் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல்.

அதை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோ பண்ணையில் ஏலம் நடந்தது. மேஜை நாற்காலி மட்டும் ஏலம் போகவில்லை. அங்கே அடிமைகளாக இருந்த 130 மனிதர்களையும் ஏலத்தில் நிறுத்தினார்கள். குடும்பங்கள் திசைக்கொன்றாகப் பிரிந்தன. ஜெஃபர்சன் வாங்கிய கடனுக்கும், சம்பந்திக்காகப் போட்ட கையெழுத்துக்கும், கையெழுத்தே போடத் தெரியாதவர்கள் விலை கொடுத்தார்கள். இந்தப் பக்கங்களைப் படித்த பிறகு அந்தப் பிரகடனத்தைப் பழையபடி படிக்க என்னால் முடியவில்லை.

அடுத்து ஆபிரகாம் லிங்கன். இளவயதில் நியூ சேலம் என்ற சின்ன ஊரில் கூட்டாக மளிகைக் கடை வைத்தார். கடை படுத்துவிட்டது. 1835-ல் கூட்டாளியும் இறந்துவிட, அவர் பங்குக் கடனும் இவர் மேல் வந்தது. குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஏலத்துக்குப் போயின. (ஒரு நல்ல மனிதர் அவற்றை ஏலத்தில் எடுத்து லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தார்.) 'தேசியக் கடன்' என்று தன் கடனைக் கிண்டல் செய்துகொண்டே பல வருடம் கட்டி முடித்தார். மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டு ராவோடு ராவாக ஊரை விட்டுப் போயிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

என்னை அதிகம் உலுக்கியவர் யுலிசஸ் கிராண்ட். உள்நாட்டுப் போரை ஜெயித்துக் கொடுத்த தளபதி, இரண்டு முறை ஜனாதிபதி. ஓய்வுக்குப் பிறகு உலகம் சுற்றியபோது 1879-ல் நான் இப்போது இருக்கும் இந்தக் கல்கத்தாவுக்கும் வந்திருக்கிறார். ஊர் திரும்பியதும், மகன் கூட்டாளியாக இருந்த நிதி நிறுவனத்தில் ஒரு லட்சம் டாலர் போட்டார். நடத்தியவன் ஃபெர்டினாண்ட் வார்ட் என்ற இளைஞன். ஒரே பத்திரங்களைப் பல இடங்களில் ஈடு வைப்பான். புதிதாக வரும் பணத்தை எடுத்துப் பழைய ஆட்களுக்கு லாபம் என்று கொடுப்பான். கிராண்ட் கணக்கைப் பார்க்கவில்லை. நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. வங்கி சிக்கலில் இருக்கிறது, அவசரமாக ஒன்றரை லட்சம் டாலர் வேண்டும் என்று வந்து நின்றான் வார்ட். கிராண்ட் கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டிடம் போனார். கிராண்டின் முகத்துக்காக அவர் செக் எழுதிக் கொடுத்தார். மே 6-ல் எல்லாம் சரிந்தது. கிராண்டின் கையில் 80 டாலர், மனைவி ஜூலியாவிடம் 130 டாலர். வார்ட் பிறகு ஜெயிலுக்குப் போனான். கடனைத் தள்ளுபடி செய்கிறேன் என்றார் வாண்டர்பில்ட். கிராண்ட் கேட்கவில்லை. வீட்டுப் பத்திரம், போர் வாள்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்.

அதே வருடம் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மனைவியைக் கையில் காசில்லாமல் விட்டுப் போக மனமில்லை. எழுத உட்கார்ந்தார். மார்க் ட்வைன் பதிப்பாளராக வந்து, நிகர லாபத்தில் 70 சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டார். கடைசியில் பேச்சே போய், துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டும் நிலையிலும் கிராண்ட் இரண்டு பாகத்தையும் முடித்தார். முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23 அன்று போய்ச் சேர்ந்தார். ஜூலியாவுக்குக் கிடைத்தது நாலு லட்சம் டாலருக்கு மேல்.

அந்த ட்வைனின் பதிப்பகமே 1894-ல் திவாலானது தனிக்கதை. கடனை அடைக்க உலகம் முழுக்கச் சொற்பொழிவு செய்யக் கிளம்பி, 1896-ல் அவரும் கல்கத்தா வந்தார். 1898-க்குள் பைசா பாக்கியில்லாமல் கட்டினார்.

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது நம் ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. ஆனாலும் ஜாமீன் போட வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்கே சார் கையெழுத்து?" என்பதுதான். தொகை எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. கிராண்டுக்கு எழுதிச் சம்பாதிக்க ஒரு போர் இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது? சம்பந்தியே கேட்டாலும் சரி, ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.