வாரக் கணக்கா, ஒரே நாள் கணக்கா? அரை மாரத்தானுக்குத் தூரத்தைக் கூட்டுவது எப்படி?

10 கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டீர்கள். அடுத்து ஜனவரி மூன்றாம் ஞாயிறு மும்பையில் 21.1 கிலோமீட்டர் ஓடலாம் என்று ஆசை. நண்பர்கள் சொல்லும் முதல் விதி, "வாரத்துக்கு 10%தான் கூட்டணும்". இந்த விதி சரியா?

தரவு என்ன சொல்கிறது?

2008-ல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். வாரம் 10% அளவில் மெதுவாகக் கூட்டியவர்கள் ஒரு குழு, வேகமாகக் கூட்டியவர்கள் இன்னொரு குழு. இரண்டிலும் சுமார் 20% பேருக்குக் காயம். வித்தியாசமே இல்லை.

2025-ல் வெளியான ஆய்வு 5,200 பேரின் கார்மின் வாட்ச் பதிவுகளை அலசியது. ஒன்றரை ஆண்டுகளில் 35% பேருக்குக் காயம். கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் 10%-க்கு மேல் ஓடியவர்களுக்கு ஆபத்து கூடியது. இரண்டு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்கைத் தாண்டியது. வாரக் கணக்கு ஏறுவதில் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை: பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 45-ஐ ஒட்டி. இது உற்றுநோக்கல் ஆய்வு மட்டுமே. அதனால் இதைச் சட்டமாக அல்ல, வேலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்போ என்ன செய்றது?

வார நாட்களில் இரண்டு சின்ன ஓட்டம், ஞாயிறு ஒரு லாங் ரன். இப்போது 10 கி.மீ. ஓடுகிறீர்கள் என்றால், ஞாயிறுகளின் கணக்கு இப்படி இருக்கலாம் (கி.மீ.):

வாரம் 1–4: 11, 12, 13, 9
வாரம் 5–8: 14, 15, 16, 11
வாரம் 9–12: 17, 18.5, 20, 12
வாரம் 13: போட்டி, 21.1

நான்காவது வாரங்களில் தூரம் குறைவது உடம்பு தேறுவதற்காக. போட்டி நாளில்கூட நீங்கள் 20-லிருந்து 21.1-க்குத்தான் போகிறீர்கள், அதாவது 5.5% மட்டுமே கூடுதல். பின்னோக்கி எண்ணினால், முதல் லாங் ரன் அக்டோபர் கடைசியில் வரும். டிசம்பரில் ஆரம்பித்தால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்த முறை 10 கி.மீ. பிரிவிலேயே ஓடுங்கள்.

என்ன வேகம்?

பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள், நடந்தாலும் தப்பில்லை.

இரண்டு வாரம் ஆபீஸ் வேலையில் ஓட்டம் விட்டுப்போச்சா?

விட்ட தூரத்தை ஒரே ஞாயிற்றில் ஈடுகட்டாதீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடந்த 30 நாட்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தைப் பாருங்கள், அதிலிருந்து தொடருங்கள். வலியால் நொண்டி ஓடவேண்டி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்; வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.