சாடியும் குளிசையும்

கம்பஸ் கராத்தே வகுப்பில முதல் மாதம் முழுக்க நாங்கள் குத்தவும் இல்லை, உதைக்கவும் இல்லை. முழங்காலை மடிச்சு, குதிரையில இருக்கிற மாதிரி நிக்கிறது மட்டும்தான். நீட்டின இரண்டு கையிலயும் தண்ணிப் போத்தல். "அசையாம நில்லுங்கோ" எண்டு மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். அசையாம நிண்டு சண்டை பழகலாமா? அந்த எரிச்சலில தேடத் தொடங்கினதுதான் இது.

ஒகினாவாத் தீவில் இந்தப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு. ஹிகாவோன்னா கான்ரியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவின் பூச்சோ நகரில் பழகிவிட்டு வந்தவர். அவருடைய மாணவர் மியாகி சோஜுன்தான் கோஜு-ரியு கராத்தேக்குப் பெயர் வைத்தவர். இந்த மரபில் மண் சாடிகளின் விளிம்பை விரல்களால் மட்டும் கவ்விப் பிடித்துக்கொண்டு, 'சன்சின்' நிலையில் மெல்ல மெல்ல நடப்பார்கள். கால் நகரும், விரலும் தோளும் முதுகும் இறுகியபடியே இருக்கும். பழகப் பழகச் சாடிக்குள் மணல் கூடும். காரணம் இலகுவானது. கிட்ட நிண்டு எதிராளியின்ர கையைப் பிடிச்சு இழுத்து அடிக்கிற கராத்தே அது. சாடிக்குத் தேவையான பிடிதான் சண்டைக்கும் தேவை.

மியாகி 1953இல் இறந்தார். அதே ஆண்டு ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரிலிருந்து ஹெட்டிங்கர், முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்களின் கட்டுரை வெளிவந்தது. (இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டு ஒத்துப்போறது எனக்குப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.) ஒருவர் தன் அதிகபட்ச பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டு, ஒரு நாளைக்கு ஒரே தடவை, 6 செக்கன் அசையாமல் பிடித்தால் போதும், வாரத்துக்குச் சராசரியாக 5% பலம் கூடும் என்றார்கள். 6 செக்கன்! பிறகு செய்த சோதனைகளில் அந்த வேகம் கிடைக்கவில்லை. ஆனால் கதை அதற்குள் கடல் தாண்டிவிட்டது.

அமெரிக்காவின் யோர்க் நகரில் பாரம் தூக்கும் கருவிகளையும் அதைப்பற்றிய சஞ்சிகையையும் விற்றுவந்தவர் பொப் ஹொஃப்மன். 1960களின் தொடக்கத்தில் பில் மார்ச் போன்ற அவருடைய வீரர்கள், இரும்புச் சட்டத்தில் அசையாத கம்பியைத் தள்ளிப் பயின்று, திடீரென்று பெரிய பாரங்களைத் தூக்கினார்கள். எல்லாப் புகழும் சட்டத்துக்கே போனது. சட்டமும் விற்றுத் தீர்ந்தது. வாசகர்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று: ஜோன் சீக்லர் என்ற வைத்தியர் அந்த வீரர்களுக்கு டயனபோல் குளிசையும் கொடுத்துவந்தார். சீபா கம்பனி 1958இல் சந்தைக்கு விட்ட ஸ்டெரொயிட் அது. விசயம் வெளியே வந்ததும் சட்டத்தின் மவுசு இறங்கிவிட்டது. குளிசை செய்த வேலைக்குப் பயிற்சியைப் புகழ்ந்தவை, குளிசை பிடிபட்டதும் பயிற்சியையே தூக்கி எறிந்தன. இரண்டுமே அநியாயம்.

புரூஸ் லீ வருவது இந்த மோகத்தின் நடுவில்தான். 1964இல் ஓக்லண்டில் வொங் ஜக் மனுடன் நடந்த சண்டையில் யார் வென்றது என்று இன்னும் வாதாடுகிறார்கள். லீக்குத் தன்னில் திருப்தி இல்லை: சண்டை நினைத்ததைவிட நீண்டது, மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சியில் தீவிரமாக இறங்கினார். அசையாத கம்பியைத் தள்ளுவதும் அதில் ஒன்று. ஒன்று மட்டும்தான். அவர் ஓடினார், கயிறு அடித்தார், பாரமும் தூக்கினார். அந்த உடம்பைக் காட்டி "பார், ஐசோமெட்ரிக்ஸ்" எண்டு சொல்றவை ஹொஃப்மன்ர பிழையைத்தான் திருப்பிச் செய்யினம். மூச்சு வாங்கினதுக்கு கம்பி மருந்தும் இல்லை.

அப்ப பிரயோசனமே இல்லையா? இருக்கு, ஆனா அளவோட. அசையாமல் பிடித்துப் பெறும் பலம், பிடித்த கோணத்திலும் அதை அண்டிய சில பாகைகளிலும்தான் பெரும்பாலும் தங்கும். குத்து ஒன்று முழங்கை மடிப்பிலிருந்து முழு நீட்டம் வரை நொடிக்குள் ஓடுவது. நீட்டின கையில் போத்தலைப் பிடித்திருப்பது அந்த வேகத்தைத் தராது. தோள் களைப்பைத் தாங்கும், அவ்வளவே. ஜூடோவில் உடுப்பைப் பிடித்த பிடி, மல்யுத்தத்தில் கழுத்தைச் சுற்றிய பூட்டு, தாழ்ந்த நிலை எல்லாம் வேறு. அங்கே சண்டையே அசையாமல் பிடித்திருப்பதுதான். மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்கினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதையும் மறக்கக்கூடாது.

போன கிழமை மாஸ்டரிட்ட இதையெல்லாம் சொல்லி, போத்தலுக்குப் பதிலா சாடி தரலாமே எண்டு கேட்டன். சாடிக்குக் காசில்லையாம். மணல் வேணுமெண்டா மைதானத்தில கிடக்காம், பழைய பெயின்ற் வாளி இரண்டு கொண்டு வரட்டாம், ஆனா கைபிடியில தூக்கக்கூடாதாம்.