உறையாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு?

அமிர்தி உயிரியல் பூங்காவைத் தாண்டி ஜவ்வாது மலை ஏற ஆரம்பித்ததும் அப்பாவின் 1986 மாடல் அம்பாசிடரில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் குக்கர் மாதிரி ஆவி. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பதால் முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எப்படியோ இறங்கி வந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "எஞ்சின் போச்சு சார், எடைக்குப் போட்டுடுங்க" என்றார்கள். அப்பா வழியெல்லாம் பேசவே இல்லை.

எனக்குத் தொழில் மென்பொருள். ஒரு புரோகிராம் விழுந்தால் அதன் பழைய லாக்கைத் தோண்டுவது பழக்கம். இதையும் அப்படித்தான் தோண்டினேன்.

எஞ்சினைக் குளிர வைப்பது ஆரம்பத்திலிருந்தே தலைவலி. 1886-ல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும், வழியெல்லாம் ஊற்ற வேண்டும். 1901-ல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காக வில்ஹெல்ம் மேபாக் தேனடை மாதிரி ஒரு ரேடியேட்டர் செய்தார். 8,070 சின்னக் குழாய்கள். அதனால் 9 லிட்டர் தண்ணீரே போதுமானது. குளிர்நாட்டில் அடுத்த பிரச்சினை, ராத்திரியில் அந்தத் தண்ணீர் உறைந்து பிளாக்கை வெடிக்க வைப்பது. 1929-ல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் கிளைசான்டின் என்ற உறைதடுப்பு திரவத்துக்குக் காப்புரிமை பெற்றது. துருவைத் தடுக்கும் மருந்துகளும் இந்த மாதிரி திரவங்களில் சேர்ந்தே வரும். ஆனால் பெயர் என்னவோ ஆன்டிஃப்ரீஸ்!

நம்ம அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரானது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வேலூர் வெயிலில் எதுங்க உறையப்போகுது? அதனால் ஆன்டிஃப்ரீஸை விட்டோம். தெர்மோஸ்டாட்டையும் "குளிர் ஊருக்கான சமாச்சாரம்" என்று கழட்டி எறிந்தோம். (அது இல்லாவிட்டால் சில எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். கொஞ்சம் வெந்நீர் ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி வரும்.) ஓட்டை விழுந்தால் மஞ்சள் தூள் போட்டோம். அது ஓட்டையோடு நல்ல குழாயையும் சேர்த்து அடைக்கும். தினமும் ஊற்றியதோ குழாய்த் தண்ணீர்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் விஷயம். எங்கள் வீடு ஆம்பூர். தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வரும். தொழிற்சாலையில் முதல் வேலையே அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு பிரிக்காது. அது நிலத்தில் இறங்கும். தோல் பட்டறைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பாழானது என்ற ஆய்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பயிருக்கே ஆகாத உப்பு இரும்புக்கு மட்டும் ஆகுமா? குளோரைடு இரும்பை அரிக்கும், கடினநீர் உள்ளே காரை கட்டும். காரை வழியாக வெப்பம் கடக்கவே கடக்காது, அதாவது இரும்போடு ஒப்பிட்டால்.

இந்தச் சந்தேகத்தோடு ஆம்பூரில் ஒரு வயதான மெக்கானிக் பாயிடம் போனேன். "டவுன்ல நின்னா சூடாகுதா, ஏத்தத்துல ஆகுதா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. நிற்கும்போது சூடானால் ஃபேன் பெல்ட், காற்று சம்பந்தப்பட்டது. பாரத்தில் சூடானால் தண்ணீர் ஓட்டம். "ஏத்தத்துலதான் பாய்." அடுத்து, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருப்பாகவே இருந்தது. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். குமிழி வரவில்லை, ஹெட் கேஸ்கெட் தப்பித்தது. வண்டி சூடேறியதும் அணைத்துவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையைத் தடவினார். நடுவில் சூடு, கீழ்ப்பக்கம் திட்டுத் திட்டாகச் சில்லென்று இருந்தது. அங்கெல்லாம் தண்ணீரே போகவில்லை. ஆறவிட்டுக் கடைசியாக பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்தியதும் செம்மண் குழம்பு மாதிரி துரு வந்தது.

அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். "தினமும் காலைல நான்தானேடா ஊத்துனேன்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாய்தான், "இந்த ஊர்ல எல்லாரும் அதத்தான் சார் ஊத்துனாங்க" என்றார்.

ரேடியேட்டரின் மேல்தொட்டி பற்றைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டு எடுத்தார்கள். பிளாக்கைத் தண்ணீர் தெளியும்வரை அலசினார்கள். புது தெர்மோஸ்டாட், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட். எஞ்சினைப் பிரிக்கவே இல்லை. அடுத்த மாதம் அதே ஏற்றத்தில் முள் பாதியைத் தாண்டவில்லை.

அப்பா இப்பவும் காலையில் சொம்போடு வருகிறார். மூடியைத் திறந்து அளவைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டுப் போகிறார்.