மைக் கிடைப்பதற்கு முன்னால்: மலையகத்தின் மேடைப் பேச்சு வரலாறு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் இப்ப "தலைமைத்துவம்" என்ற சொல் நல்லாப் புழங்குது. பாடசாலையில, கெம்பஸில, இளைஞர் கழகத்தில என்று எங்கே பார்த்தாலும் பேச்சுப் பயிற்சி. இதற்கென்றே இயங்கும் கழகங்களில் நம்ம பிள்ளைகளும் சேர்றாங்க. பல ஊர்க் கழகங்கள் ஒன்றாய்க் கூடும் பிராந்திய மாநாடுகளுக்கும் போறாங்க. போட்டி, செயலமர்வு, கேடயம், கடைசியில ஒரு குழுப் படம். முகநூலில் நாமெல்லாம் பார்த்திருப்போம்.

இந்த மாதிரிக் கழகங்களுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கு. 1924 ஒக்டோபர் 22ஆம் திகதி, கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், வை.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியதுதான் டோஸ்ட்மாஸ்டர்ஸ். இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் பேச்சுக் கழக முறையின் அச்சு அதுதான். ஒருவர் தயார் செய்த உரையைப் பேசுவார். இன்னொருவர் அதை மதிப்பீடு செய்வார். நேரம் பார்க்க ஒருவர். "ஆ", "ம்" என்று இழுப்பதை எண்ண ஒருவர். ஐந்து நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. பிறகு கையில் திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து "பேசு" என்பார்கள்.

நானும் இப்படியொரு பிராந்திய மாநாட்டுக்குப் போயிருக்கேன். உண்மையைச் சொன்னால், பயன் இருந்தது. நூறு பேர் பார்க்க எழும்பி நிற்கும்போது முழங்கால் நடுங்குவது எனக்கு மட்டுமில்லை என்று தெரிந்ததே பெரிய விசயம். ஆனால் செயலமர்வில் உதாரணமாய்ச் சொல்லப்பட்ட பேச்சாளர்கள் லிங்கன், சர்ச்சில், மார்ட்டின் லூதர் கிங். தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர் அந்த மண்டபத்தில் இருந்தோம். எங்க மண்ணிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை. பக்கத்தில் இருந்த தங்கச்சி ஒருத்தி கேட்டா: "அண்ணே, நம்ம பக்கம் பேச்சாளர்னு யாரும் இருந்ததே இல்லையா?"

அவளுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பிரட்டுக் களம்

மலையகத்தில் ஆட்கள் தினமும் கூடிய முதல் பொது இடம் பிரட்டுக் களம். விடிவதற்கு முன் தப்பு அடிக்கும். லயத்திலிருந்து எல்லாரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி பேசுவார்கள். எந்த மலை, யாருக்கு என்ன வேலை, யாருக்கு இன்றைக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். தொழிலாளி பேசக்கூடியது தன் பெயர் கூப்பிடப்படும்போது சொல்லும் ஒற்றைச் சொல் மட்டும்.

அதற்காக நம்ம ஆட்களுக்குப் பேச்சே இல்லையென்று நினைக்க வேண்டாம். கொழுந்து மலையில் பாட்டு இருந்தது. செத்த வீட்டில் ஒப்பாரி இருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து இருந்தது. கங்காணியைக் கிண்டல் செய்யும் பாட்டுகூட இருந்தது. தலவாக்கலையின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். குரல் எப்போதும் இருந்தது. துரையின் முகத்துக்கு நேரே, அவர் பதில் சொல்லியாக வேண்டிய விதத்தில் பேசுவதற்கான இடம்தான் இல்லை.

புடவை மூட்டையோடு வந்தவர்

அந்த இடத்தை முதலில் உண்டாக்கியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், பத்திரிகையாளர். அந்தக் காலத்தில் தோட்டம் என்பது தனியார் நிலம். வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. ஆகவே அவர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்று சாரல் நாடன் போன்ற மலையக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். யோசிச்சுப் பாருங்க: பேச வந்த மனிதர் முதலில் செய்த வேலை, வாயை மூடிக்கொண்டு துணி விற்றுக்கொண்டே மற்றவர்கள் பேசுவதைக் கேட்டது.

1924ல் "தேசபக்தன்" பத்திரிகையைத் தொடங்கினார். கொழும்பில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்து, பிறகு பிரிந்தார். 1931ல் ஹட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். தோட்டத் தொழிலாளருக்கென்று எழுந்த முதல் சங்கம் இது. ஏன் ஹட்டன்? தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. நகரம் துரையின் நிலமில்லை. சம்பள நாளுக்குப் பிறகு கடைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் தொழிலாளர்கள் வருவது நகரத்துக்குத்தான்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் மேடை ஏறினார். பாரதியார் பாடல்களையும், தொழிலாளர் படும் பாட்டைச் சொல்லும் தன் சொந்தப் பாடல்களையும் கூட்டங்களில் பாடினார். பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அந்தப் பாட்டுதான் துண்டுப்பிரசுரம். லயத்துக்குத் திரும்பிப் போகும்போது வாயிலேயே கொண்டு போகலாம், எந்தக் காவல்காரனும் பிடுங்க முடியாது. இதே காலத்தில் நான் மேலே சொன்ன அமெரிக்கக் கழகம் ஆண்களுக்கு மட்டுமானதாக இருந்தது. பெண்களை அது முறைப்படி உறுப்பினராய்ச் சேர்த்தது 1973ல்தான். நம்ம மேடையில் ஒரு பெண் 1930களிலேயே நின்றிருக்கிறார்.

நாவலப்பிட்டியில் ஒரு உரை

ஒரு மேடைப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1937 நல்ல உதாரணம். மார்க் அன்ரனி பிரேஸ்கேர்டில் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். அதாவது வருங்காலத் துரை. தொழிலாளர்கள் நடத்தப்படும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் தோட்டத் தொழிலாளர்கள் திரண்டிருந்த கூட்டத்தில் பேசினார். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயும் அந்த மேடையில் இருந்தார்.

ஒரு வெள்ளைக்காரன் துரைமாருக்கு எதிராகத் தொழிலாளர் முன்னால் பேசுவதைத் தோட்டச் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 22ஆம் திகதி, 48 மணித்தியாலத்தில் நாட்டை விட்டு வெளியேறும்படி ஆளுநர் ஸ்டப்ஸின் உத்தரவு அவர் கைக்கு வந்தது. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த பெரிய கூட்டத்தில் பொலிஸார் பார்த்துக்கொண்டிருக்க மேடையில் தோன்றினார். பிறகு கைதானார். உயர் நீதிமன்றம் அந்த நாடுகடத்தல் உத்தரவு செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி அவரை விடுவித்தது.

நாவலப்பிட்டி மேடையில் அவருக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு யாரும் காட்டவில்லை. சிவப்பு விளக்கு ஆளுநரிடமிருந்து வந்தது.

மேடை கிடைத்தது, பறிபோனது

1939 ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அதன் கம்பளைக் கிளை வழியாகத்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் பொதுவாழ்வுக்கு வந்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கேட்பதற்கு வாய் திறந்தால் கிடைக்கக்கூடிய பதில் இதுவும்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் சங்கங்கள் வளர்ந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் தலைவர், செயலாளர் என்று ஆட்கள் வந்தார்கள். காரியாலயத்தில் துரை முன்னால் நின்று "எங்க ஆளுக்கு ஏன் பெயர் போடல?" என்று கேட்டார்கள். தலைமைத்துவப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதைவிடக் கடினமான பயிற்சி வேறு என்ன இருக்க முடியும்?

1947 தேர்தலில் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949ல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வருடம் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. நாட்டின் மிக உயர்ந்த மேடையிலிருந்து இறக்கப்பட்டவர்கள், பிரதமர் அலுவலகத்து வாசலில் உட்கார்ந்தார்கள்.

இடையில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால் இந்த மக்கள் வாக்குப் போட்டு அனுப்பிய ஒருவர் மறுபடி பாராளுமன்றத்தில் பேச 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்றார். 1947க்கும் 1977க்கும் இடையில் முப்பது வருடம். ஒரு தலைமுறையே பிறந்து, கொழுந்து எடுக்கப் போய், பிள்ளை பெற்றுவிடும் காலம் அது.

அந்த இடைவெளியில் மேடை வேறு இடத்துக்கு மாறியது. 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் என்ற ஆசிரியர் இருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய பேச்சாளர். அவரைச் சுற்றி ஒரு இளைஞர் கூட்டம் திரண்டது. "தோட்டக்காட்டான்" என்ற ஏளனச் சொல்லைத் தள்ளிவிட்டு "மலையகம்" என்ற பெயரை நிமிர்ந்து சொன்ன தலைமுறை அதுதான். ஆனால் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்கவும் கணக்குப் போட்டது. சிவலிங்கமும் பிற்காலத்தில் நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பிய மக்களுக்காகவே வேலை செய்தார்.

விளக்கு அணைந்த பிறகு

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். கோரிக்கை ஒன்றுதான்: தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா அடிப்படை நாட்சம்பளம். கொழும்புக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் பிள்ளைகள், அம்மா அப்பாவுக்காக வந்து நின்றார்கள். அழைப்பு பெரும்பாலும் சமூக வலைத்தளங்களில்தான் போனது. 81 வருடங்களுக்கு முன் பிரேஸ்கேர்டில் நின்ற அதே திடல். சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபா வந்தது 2021ல். அதில் அடிப்படைச் சம்பளம் 900 ரூபா மட்டும்தான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு விசயம் தெளிவாகுது. கழகங்களில் நாம் பழகுவது எப்படிப் பேசுவது என்பதை. அது தேவைதான். ஆனால் நம்ம வரலாற்றில் முதல் கேள்வி எப்போதும் எங்கே பேசுவது, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதாகத்தான் இருந்திருக்கு. நடேசய்யரின் கூட்டம் முடிந்ததும் கைதட்டலோடு எல்லாம் முடியவில்லை. உறுப்பினர் பெயர் எழுதினார்கள், மனு எழுதினார்கள், அடுத்த நாள் ஒருத்தர் துரையிடம் போனார். கேட்க ஆளும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஆளும் இல்லாத பேச்சு வெறும் போட்டிப் பேச்சாகவே நின்றுவிடும்.

இன்னொன்று, மீனாட்சி அம்மாள் நின்ற அந்த இடம். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்குக் கிடைத்ததே 1984ல்தான். சங்க மேடைகளில் இன்றைக்கும் மைக் பெரும்பாலும் ஆண்களிடம்தான். ஒரு அக்கா மாதர் சங்கத் தலைவியாக வருவார், அதோடு படி முடிந்துவிடும். நம்ம கழகங்களில் பெண் பிள்ளைகள் நன்றாகப் பேசுறாங்க, பரிசும் வாங்குறாங்க. அந்தப் பேச்சு சங்கத்துக்கும் பிரதேச சபைக்கும் எப்போது போகும் என்பதுதான் என் கேள்வி.

மாநாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்க, பேசுங்க, தோற்றுப் பழகுங்க. திரும்பி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தோட்டத்து வாசிகசாலையில் தமிழில் நடத்திப் பாருங்க. திடீர்ப் பேச்சுக்குத் தலைப்பு "வானவில்" வேண்டாம், "வீடு கட்ட ஏழு பேர்ச் காணி போதுமா?" என்று வையுங்க. மதிப்பீட்டாளர் நாற்காலியில், மலையில் நாள் முழுக்க நின்று வந்த ஒரு அம்மாவை உட்கார வையுங்க. "ஆ", "ம்" எத்தனை என்று அவர் எண்ண மாட்டார். சொன்னது உண்மையா, இனி என்ன செய்யப் போறீங்க என்று கேட்பார்.

அப்படியே அவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்க: இந்தத் தோட்டத்தில் முதன்முதலாகக் கூட்டம் போட்டது எங்கே? யார் பேசினாங்க? வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி அனுப்புங்க. லிங்கன் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. இந்தப் பெயர்களை நாம எழுதாட்டி யாரும் எழுதப் போறதில்லை.